கடலூரிலிருந்து புதுச்சேரி: ஒரு நாளில் சுற்றிப் பார்க்கக் கணக்கு

இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தானே என்று சாவகாசமாகக் கிளம்புவதில்தான் கடலூர்க்காரர்கள் கோட்டை விடுகிறோம். இட்லி சாப்பிட்டுப் பத்து மணிக்கு பஸ் ஏறினால், நகரத்துக்குள் கால் வைக்கும்போது பதினொன்றரை. மணக்குள விநாயகர் கோவில் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறக்கும். அரவிந்தர் ஆசிரமம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அடைப்பு. பீச் ரோட்டில் அப்போது நிழல் என்று ஒன்று கிடையாது. குழந்தை அழும், பாட்டிக்கு முழங்கால் வலிக்கும், கடைசியில் ஏதாவது ஒரு ஏசி ஓட்டலில் உட்கார்ந்துவிட்டு, நேரு வீதியில் துணி எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். புதுச்சேரி ஒரு தலைநகரம், மூன்று நூற்றாண்டு வரலாறு நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க முதலில் வேண்டியது காலை ஆறு மணி பஸ்.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், அந்தப் பக்கம் ஆட்டோ நுழையாது. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் நல்லது. கடலூர் சாலையில் ரயில்வே கேட் பக்கம் எப்போதும் நெரிசல், சொந்த வண்டி என்றால் கால் மணி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையோர வெள்ளையர் பகுதியையும் மேற்கே தமிழர் பகுதியையும் பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கே வண்டியை நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். வெள்ளையர் பகுதிக்குள் பாதித் தெரு ஒருவழி, மீதித் தெருவில் நிறுத்த இடம் இருக்காது. பஸ்ஸில் வருகிறவர்கள் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி டெம்போ பிடிக்கலாம். ஆட்டோவுக்கு மீட்டர் கணக்கு கிடையாது, ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள்.

ஏழு மணிக்குப் பீச் ரோடு. மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், குழந்தையைக் கையை விட்டு நடக்கவிடலாம். வடக்கேயிருந்து தெற்கே வாருங்கள். காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. எல்லோரும் சிலையைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், பார்க்க வேண்டியது தூண்களை. செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நம்மூர்க் கோவில் மண்டபத் தூணில் இருக்கிற அதே உளி வேலை. பக்கத்தில் 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், 1979 வரை எரிந்தது. எதிர்ப்பக்கம் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம், 1938இல் திறந்தது. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று மலர்மாலை வைத்து மரியாதை செய்வார்கள், அன்றைக்குக் கூட்டமும் இருக்கும்.

கொஞ்சம் தள்ளி மஞ்சளும் வெள்ளையுமாக மேரி கட்டடம், பழைய நகராட்சி. பார்த்தால் பழசு, உண்மையில் புதுசு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். இந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள்: வெள்ளையர் பகுதியில், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் கண்ணால் பார்த்த கட்டடம் ஏறக்குறைய எதுவும் இல்லை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, நம் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அவர்கள் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று பட்ட கடன் அது. இன்று நாம் பார்ப்பது 1765க்குப் பிறகு எழுந்த நகரம். துய்ப்ளேக்ஸ் சிலை பீச் ரோட்டின் தென் கோடியில் ஒரு சின்னப் பூங்காவில் நிற்கிறது, பாட்டி தாத்தாவை அதுவரை நடக்கவைக்க வேண்டாம்.

பாறையில் இறங்கி நிற்கப் பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். விடாதீர்கள். அந்தப் பாறைகள் கடலில் இயற்கையாக இருந்தவை அல்ல, அரிப்பைத் தடுக்கக் கொட்டியவை. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் அலைத்தடுப்புச் சுவர் கட்டியதும், தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்து வந்த மணல் அங்கேயே நின்றுபோனது, நகரக் கடற்கரை கரைந்தது. பாறை இடுக்கு ஆழமானது, பாசியில் கால் வழுக்கும்.

எட்டரைக்குள் உள்ளே திரும்பிவிடுங்கள். துமாஸ் வீதியில் தூய தேவதைகள் மாதா கோவில், உள்ளூரில் கப்ஸ் கோவில் என்றால்தான் தெரியும். 1855. வெளியே வெளிர் இளஞ்சிவப்பு. உள்ளே சுவரைத் தொட்டுப் பாருங்கள், சலவைக்கல் மாதிரி வழவழவென்று குளிர்ந்திருக்கும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு என்கிறார்கள், செட்டிநாட்டு வீடுகளில் கேள்விப்பட்ட அதே வேலை. கோவிலுக்கும் கடலுக்கும் நடுவில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை.

அங்கிருந்து வடக்கே நடந்தால் பாரதி பூங்கா. சுற்றிலும் ராஜ் நிவாஸ், சட்டப்பேரவை, அருங்காட்சியகம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். மரநிழலும் பெஞ்சும் இருப்பதால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததைப் பிரிக்க இதுதான் இடம். நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம், புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பது இதுதான். பதினாறாம் நூற்றாண்டில், விளக்குகள் எரிந்த ஒரு வீட்டைக் கோவில் என்று நினைத்து மன்னர் கும்பிட்டாராம். அது தாசி ஆயியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவளே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. கதை எப்படியோ, தண்ணீர் நிஜம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், கடலோரக் கிணறுகள் உப்புக் கரித்த வெள்ளையர் பகுதிக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் போட்டு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக எழுந்த மண்டபத்துக்கு ஒரு தேவதாசியின் பெயர். கவர்னர் பெயர் வைக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

பத்து மணிக்கு மேல் அருங்காட்சியகம். சோழர் வெண்கலங்கள், அரிக்கமேட்டு மணிகள், ரோமானிய மதுச்சாடி ஓடுகள், ஆள் தள்ளும் பழைய வண்டி. நாற்பது நிமிடம் போதும். இதைப் பார்த்தவர்களுக்கு, ரோமானியரோடு வாணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டை அதே நாளில் சேர்க்கும் ஆசை வரும், கடலூர் போகும் வழியில்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. அங்கே நிற்கும் உடைந்த செங்கல் சுவர் ரோமானியருடையது என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் நிறைய. அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது.

பதினொன்றுக்குள் மணக்குள விநாயகர். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்த கோவில், பாரதி நான்மணிமாலை பாடியதும் இவர்மேல்தான். வாசலில் ஆசி தந்த யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. குழந்தையிடம் யானை காட்டுகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டாம். அங்கிருந்து ஆசிரமம் எட்டிப் பிடிக்கும் தூரம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள், ஒருவர் வெளியே நிற்க வேண்டிவரும். போனை அணைத்துவிடுங்கள், பேச்சும் கூடாது.

மதியம் சாப்பிட்டதும் தமிழர் பகுதிக்குப் போவதில் ஒரு லாபம் உண்டு. வைசியாள் வீதி போன்ற தெருக்களில் வீட்டுக்கு முன்னால் மரத்தூண் வைத்துத் தாழ்வாரம் இறக்கியிருப்பார்கள், அதன் கீழே திண்ணை. வழிப்போக்கர் உட்காரக் கட்டியது. கடற்கரைப் பக்க வீடுகள் தெருவுக்கு மதில் சுவரைத்தான் காட்டும், இவை நிழல் தரும். இரண்டு மணி வெயிலுக்கு இந்த வித்தியாசம் பிள்ளைக்குக்கூடப் புரியும். பெரிய மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை, 1761க்குத் தப்பியது. கீழே தமிழ் வீட்டு மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணி வெள்ளைத் தூண். துய்ப்ளேக்ஸின் துபாஷான, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமான, பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் காலத்துப் புதுச்சேரியைத் தமிழ்க் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. தனியார் வீடு, எப்போதும் திறந்திருக்காது. மிஷன் வீதியில் சம்பா கோவில் என்கிற மாதா கோவில், இன்றைய கட்டடம் 1791இல் முடிந்தது. இதை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை 1748இல் இடித்ததை நாட்குறிப்பில் பிள்ளையே எழுதியிருக்கிறார். ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதி வீடு, பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டையும் விடாதீர்கள். 1908இலிருந்து பத்தாண்டு பாரதி இங்கேதான் இருந்தார்.

வழி கேட்கும்போது பழைய பெயரைச் சொல்லுங்கள். வரைபடத்தில் லால் பகதூர் சாஸ்திரி வீதி என்றிருக்கும், ஆட்டோக்காரருக்கு அது புஸ்ஸி வீதி.

மாலை நான்கரைக்கு ரயில் நிலையம் அருகே திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, 1907. வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்க வெளிச்சம் இருக்கும்போதே போக வேண்டும். பிறகு பீச் ரோட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஏழு மணிக்குள் பஸ் ஸ்டாண்ட் போய்விடுங்கள். சனி, ஞாயிறு எட்டு மணிக்கு மேல் கடலூர் பஸ்ஸில் குடும்பத்துக்கு உட்கார இடமும் கிடைக்காது, வருகிற வாசனையும் தாங்காது. எல்லையான முள்ளோடையில் மதுப் பாட்டில் தேடி பஸ்ஸை நிறுத்திப் பை சோதனை போட்டால், நடுவில் தூங்கிய பிள்ளையும் எழுந்துவிடும்.