ஸ்கோர் பழசான பிறகு

நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஐரோப்பியக் கால்பந்து என்பது முதலில் ஒரு நேரப் பிரச்சினை. இத்தாலியில் குளிர்கால இரவு 8.45 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.15க்குத் தொடங்கும். முடியும்போது மணி மூன்றைத் தாண்டிவிடும். அதற்குள் வெளியூர்ப் பதிப்புகள் வேனில் ஏறிப் பாதி வழி போயிருக்கும், நகரப் பதிப்பும் அச்சுக்குப் போயிருக்கும். ஆக, அந்த ஆட்டத்தின் முடிவு விடிந்ததும் வரும் பேப்பரில் இருக்காது, அதற்கு அடுத்த நாள் பேப்பரில்தான் வரும். அதற்குள் செல்போன் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஸ்கோர் தெரிந்துவிடும்.

தெரிந்த செய்தியை எப்படி எழுதுவது? எங்கள் பொறுப்பாசிரியர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "ஸ்கோரை முதல் பத்தியிலயே முடிச்சிடு தம்பி. மிச்ச இடத்துல ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லு" என்பார். கிரிக்கெட்டில் அது சுலபம். பிட்ச், டாஸ், கடைசி ஓவர் என்று ஏதாவது ஒன்று கைக்கு எட்டும். ஆனால் இத்தாலி தோற்றாலும் ஜெயித்தாலும் 'ஏன்' என்று தேடப் போனால் இருபது வருடம், சில நேரம் நூறு வருடம் பின்னால் போக வேண்டியிருந்தது. செய்தி ஏஜென்சி அனுப்பும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் 1934, 1938, 1982, 2006 என்று நான்கு உலகக் கோப்பைகளின் வருடங்கள் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் விளக்க முடியாது. விளக்கம் கிளப்புகளில் இருக்கிறது. தேசிய அணியைப் பற்றி எழுதும்போது கிளப்பை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் வரும் என்பது என் அனுபவம். அந்தக் கதையின் நடுவில் ஒரே ஒரு சண்டைதான் திரும்பத் திரும்ப வருகிறது: வெளியாள் எத்தனை பேர் ஆடலாம்?

தொடக்கமே வெளியாட்களால்தான். 1893இல் ஜெனோவா துறைமுக நகரத்தில் ஆங்கிலேயர்கள் ஒரு கிரிக்கெட் கிளப் தொடங்கினார்கள், கால்பந்து பின்னால் சேர்ந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே இடம் கிடைக்க நான்கு வருடம் ஆயிற்று. முதல் இத்தாலிய சாம்பியன்ஷிப் 1898 மே 8 அன்று டுரினில் நடந்தது. நான்கு அணிகள், காலையில் அரையிறுதி, பிற்பகலில் இறுதி, பொங்கலுக்கு ஊரில் நடத்தும் ஒருநாள் கபடிப் போட்டி மாதிரி. அந்த ஜெனோவா கிளப்தான் ஜெயித்தது. மறு வருடம் நாட்டிங்காம்காரரான ஹெர்பர்ட் கில்பின் முன்னின்று மிலான் கிளப்பை உருவாக்கினார். யுவென்டஸ் மட்டும் கொஞ்சம் வேறு. டுரினில் ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்கள் 1897இல் தொடங்கியது. ஆனால் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டை, நாட்டிங்காமின் நாட்ஸ் கவுன்டி கிளப்பிடமிருந்து 1903இல் வந்தது. அதற்கு முன் அவர்கள் இளஞ்சிவப்புச் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மிலான் கிளப்பில் வெளிநாட்டுக்காரர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற தகராறு முற்றி, 1908 மார்ச் 9 இரவு ஒரு கோஷ்டி பிரிந்து வந்தது. எல்லா நாட்டவரையும் ஏற்போம் என்று சொல்லி அவர்கள் தொடங்கியதுதான் இன்டர். இந்த ஒரு தகவலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முசோலினி காலத்தில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 1926இல் வெளிநாட்டு வீரர்களுக்குத் தடை வந்தது. இன்டர் தன் பெயரையே இழந்து அம்ப்ரோசியானா ஆயிற்று. ஆனால் தடையில் ஒரு ஓட்டை இருந்தது. தென் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இத்தாலியர்களின் பிள்ளைகள் வந்து ஆடலாம். 1930 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவுக்கு ஆடிய லுயிஸ் மோன்டி, 1934 இறுதியில் இத்தாலிக்கு ஆடியது இப்படித்தான். அந்த இறுதியில் சமன் செய்த கோலை அடித்த ஓர்சியும் அர்ஜென்டினாவில் பிறந்தவர். இரண்டு பேருமே யுவென்டஸ். அந்தக் கிளப் அப்போது தொடர்ந்து ஐந்து முறை லீக்கை வென்றுகொண்டிருந்தது. தேசிய அணிப் பயிற்சியாளர் விட்டோரியோ பொட்சோ அந்த அணியின் ஆட்களைக் கொத்தாக எடுத்துத் தேசிய அணியில் வைத்தார். சேர்ந்து ஆடிப் பழகியவர்களைப் பிரிக்காமல் எடுப்பது என்ற வழக்கம் அதற்குப் பிறகு இத்தாலியில் போகவே இல்லை.

அந்த வழக்கத்தின் விலையைக் காட்டியது 1949 மே 4. டொரினோ கிளப் லிஸ்பனில் பென்ஃபிகாவுடன் ஒரு நட்பு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பியபோது, டுரினுக்கு மேலே சுபெர்கா குன்றிலுள்ள பசிலிக்காவின் பின்சுவரில் மூடுபனியில் விமானம் மோதியது. 31 பேரும் இறந்தார்கள். அதில் 18 பேர் வீரர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1947 மே மாதம், ஹங்கேரிக்கு எதிராக இத்தாலி 3-2 என்று ஜெயித்த ஆட்டத்தில் கோல்கீப்பரைத் தவிர பத்துப் பேரும் டொரினோக்காரர்கள். அதாவது சுபெர்காவில் விழுந்தது ஒரு கிளப் மட்டுமல்ல, ஏறக்குறைய தேசிய அணியே.

சுபெர்காவின் ஆண்டு நிறைவுக்காக அரைப்பக்கக் கட்டுரை தயாரித்தபோது எனக்கு மிகவும் நேரம் எடுத்தது பெயர்கள்தான். பாச்சிகலூப்போ, பல்லாரின், மரோசோ, கிரெசார், ரிகமோன்டி, கஸ்டிலியானோ, மென்டி, லோயிக், கபெட்டோ, மட்சோலா, ஒசோலா. இத்தாலியில் ஒரு தலைமுறையே இந்தப் பதினோரு பெயரையும் மூச்சுவிடாமல் சொல்லும். ஒவ்வொரு மே 4 அன்றும் டொரினோ அணியின் கேப்டன் குன்றின்மேல் நினைவுப் பலகைக்கு முன் நின்று இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். பக்க வடிவமைப்பாளர் பெயர்ப் பட்டியலைச் சுருக்கச் சொன்னார், படத்துக்கு இடம் வேண்டுமாம். நான் படத்தைச் சுருக்கச் சொன்னேன். கொஞ்சம் வாக்குவாதம் ஆயிற்று, பெயர்கள் முழுசாக வந்தன.

அந்த விமானத்தில் மூன்று பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். டுட்டோஸ்போர்ட் என்ற விளையாட்டுப் பத்திரிகையைத் தொடங்கிய ரெனாட்டோ கசல்போரே, ரெனாட்டோ டொசாட்டி, லூயிஜி கவல்லேரோ. ஆட்டத்தை எழுதப் போனவர்கள். இதே வேலையில் இருக்கும் ஒருவனுக்கு இந்த மூன்று பெயர்களைத் தட்டச்சு செய்யும்போது கை கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். உடல்களை அடையாளம் காட்டியது பொட்சோ. தேசிய அணிப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து முந்தின வருடம் விலகியிருந்தார், லா ஸ்டாம்பா நாளிதழில் எழுதிக்கொண்டிருந்தார். தான் தேர்ந்தெடுத்து வளர்த்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. அந்த சீசனில் மிச்சமிருந்த நான்கு ஆட்டங்களை டொரினோவின் இளையோர் அணி ஆடியது. எதிரணிகளும் தங்கள் இளையோர் அணிகளையே இறக்கின. டொரினோ சாம்பியன் ஆனது. மறு வருடம் உலகக் கோப்பைக்கு இத்தாலி பிரேசிலுக்கு விமானத்தில் போகவில்லை, கப்பலில் போனது. முதல் சுற்றோடு திரும்பியது.

அடுத்த இருபது வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1958க்குத் தகுதி பெறவில்லை. 1966இல் வட கொரியாவிடம் 0-1 என்று தோற்று, ஊர் திரும்பிய வீரர்களுக்கு ஜெனோவா விமான நிலையத்தில் தக்காளி வீச்சு கிடைத்தது. கோபம் வெளிநாட்டு வீரர்கள்மேல் திரும்பியது. கிளப்புகள் புதிதாக வெளிநாட்டவரை வாங்கக் கூடாது என்ற தடை 1980 வரை நீடித்தது.

1982 பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சங்கடம். அந்தக் கோப்பையில் பத்திரிகைக்காரர்களான எங்கள் இனத்துக்குப் பெரிய பங்கு உண்டு, எதிர்மறையாக. முதல் மூன்று ஆட்டமும் டிரா. இத்தாலியப் பத்திரிகைகள் வீரர்களைக் கிழித்தன. வீரர்கள் கூடிப் பேசி, இனிமேல் நிருபர்களிடம் வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அணியின் சார்பில் பேசக் கேப்டன் டினோ ஜாஃப் மட்டும். நாற்பது வயதுக் கோல்கீப்பர், பொதுவாகவே வாயிலிருந்து வார்த்தை வாங்க முடியாத மனிதர். அவரைப் போய்ப் பேச்சாளராகப் போட்டது குறும்பா, தற்செயலா என்று தெரியாது. அப்புறம் பிரேசிலை 3-2, போலந்தை 2-0, இறுதியில் மேற்கு ஜெர்மனியை 3-1. இந்த மூன்று ஆட்டத்தில் பாவ்லோ ரோசி ஆறு கோல். சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருடத் தடை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன அவருக்கு.

'ஊழல் வந்தால் இத்தாலிக்குக் கோப்பை வரும்' என்ற தலைப்பு ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் எங்கள் டெஸ்கில் யாராவது ஒருவர் போடுவார். 1982க்கு முன் சூதாட்டம், 2006இல் நடுவர் நியமன ஊழல், இரண்டுக்கும் கோப்பை. கேட்க நன்றாக இருக்கும், விஷயம் இல்லை. 1982 அணியில் ஜாஃப், ஜென்டிலே, கப்ரினி, ஷிரேயா, டார்டெல்லி, ரோசி ஆகிய ஆறு பேர் யுவென்டஸ். பொட்சோ காலத்துப் பழைய வழக்கம்தான். ஊழலைவிட இதுதான் நல்ல விளக்கம்.

1980க்குப் பிறகு கதவு திறந்தது. யுவென்டஸுக்கு பிரான்ஸின் பிளாட்டினி வந்தார், நேப்பிள்ஸ் நகரக் கிளப்பான நபோலிக்கு அர்ஜென்டினாவின் மரடோனா வந்தார். கிளப் பெரிதா நாடு பெரிதா என்ற கேள்விக்கு 1990 ஜூலை 3 அன்று நேப்பிள்ஸில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியைப்போல வேறு எதுவும் பதில் சொன்னதில்லை. அதுவரை ஐந்து ஆட்டத்தையும் ரோமில் ஆடிய இத்தாலி, மரடோனாவின் சொந்த மைதானத்துக்கு அவருக்கு எதிராகவே ஆட வந்தது. நாடு உங்களை மதிப்பதே இல்லை, இன்று மட்டும் இத்தாலியர் என்கிறது என்று அவர் நேப்பிள்ஸ் மக்களைச் சீண்டியிருந்தார். அரங்கம் இத்தாலிக்குக் குரல் கொடுத்தது, ஆனால் முழுத்தொண்டையில் அல்ல. 1-1, பெனால்டியில் அர்ஜென்டினா.

2006 இறுதி ஆட்டத்துக்கு மட்டும் நகரப் பதிப்பை நிறுத்தி வைத்தார்கள். நமக்கு இரவு 11.30க்குத் தொடங்கி, பெனால்டிவரை போய், இரண்டு மணிக்கு மேல் முடிந்தது. முன்கூட்டியே ஒரு கிராபிக்ஸ் தயார் செய்தோம். இரண்டு அணி வீரர்களின் படம், கீழே அவரவர் கிளப். போட்டு முடித்ததும்தான் கண்ணில் பட்டது. இத்தாலியில் பஃபன், கனவாரோ, சாம்ப்ரோட்டா, கமொரனேசி, டெல் பியரோ. பிரான்ஸில் துராம், வியேரா, டிரெசகே. எட்டுப் பேர் யுவென்டஸ். டிரெசகே பெனால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தார், எதிரே நின்றது அவருடைய கிளப் தோழர் பஃபன். ஐந்து நாள் கழித்து, ஜூலை 14 அன்று, அந்த நடுவர் நியமன ஊழலில் யுவென்டஸை இரண்டாம் பிரிவுக்கு இறக்கித் தீர்ப்பு வந்தது. ஜெயித்த அணியிலிருந்த கமொரனேசியும் அர்ஜென்டினாவில் பிறந்தவர் என்பதை, மோன்டியைப் படித்தவர்கள் ஒரு புன்னகையோடுதான் பார்த்திருப்பார்கள்.

இப்போது இன்டரின் கதைக்கு வருகிறேன். 2010 மே 22, மாட்ரிடில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. பயிற்சியாளர் மொரீன்யோவின் இன்டர், பயர்ன் மியூனிக்கை 2-0 என்று வென்று, ஒரே சீசனில் மூன்று கோப்பை எடுத்தது. தொடக்கப் பதினோரு பேரில் ஒருவர்கூட இத்தாலியர் இல்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் மாட்டராஸி மாற்று வீரராக வந்தார், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துத் தென்னாப்பிரிக்காவில், நடப்புச் சாம்பியன் இத்தாலி தன் பிரிவில் நியூசிலாந்துக்கும் கீழே கடைசி இடம். 1908இல் எதற்காகத் தொடங்கினார்களோ அதை இன்டர் முழுசாகச் செய்து காட்டிவிட்டது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2017 நவம்பரில் ஸ்வீடனுடன் மிலானின் சான் சிரோ மைதானத்தில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம், 0-0. அறுபது வருடத்தில் முதல்முறையாக உலகக் கோப்பை இல்லை. அந்த ஆட்டத்தில் பெஞ்சில் நடந்ததை நாங்கள் பெட்டிச் செய்தியாகப் போட்டோம். தயாராகு என்று சொன்னதும் நடுக்கள வீரர் டி ரோஸி எரிச்சலோடு பக்கத்தில் இருந்த தாக்குதல் வீரர் இன்சினியேவைக் காட்டுகிறார்: நமக்கு வேண்டியது வெற்றி, அவனை இறக்குங்கள். பயிற்சியாளர் வென்டுரா கடைசிவரை இன்சினியேவை இறக்கவில்லை. பத்து வரிதான், ஆனால் மெயின் செய்தியைவிட அதற்குத்தான் அதிகம் போன் வந்தது.

2021இல் வெம்பிளியில் யூரோ கோப்பை இத்தாலிக்கு. மறு வருடம் மார்ச்சில் பலெர்மோவில் வடக்கு மாசிடோனியா ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு கோல் அடித்தது, மறுபடியும் உலகக் கோப்பை இல்லை. 2023இல் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளின் இறுதிக்கும் இன்டர், ரோமா, பியோரென்டினா என ஆளுக்கொரு இத்தாலியக் கிளப் வந்து மூன்றும் தோற்றன.

எங்கள் டெஸ்கில் இது தீராத வாதம். பக்கத்து மேஜை அண்ணன் ஒருவர், "வெளிநாட்டுக்காரனை நிறுத்திப் பாரு, தானா சரியாயிடும். எண்பத்திரண்டு டீம் முழுக்கத் தடைக் காலத்துல வளர்ந்தவங்கதானே?" என்பார். அது உண்மை. முழுக்க இத்தாலியர்களை வைத்தே யுவென்டஸ் 1977இல் யூஇஎஃப்ஏ கோப்பை எடுத்ததும் உண்மை. ஆனால் அதே தடைக் காலத்தில்தான் 1974இல் முதல் சுற்றோடு வெளியேறினார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பியக் கோப்பையை, அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீக்கை, வென்ற ஒரே இத்தாலியக் கிளப் 1969 மிலான். அதிலும் தடைக்கு முன்பே வந்து தங்கிவிட்ட ஜெர்மானியர் ஷ்னெலிங்கர் இருந்தார், சுவீடன்காரர் ஹாம்ரின் இருந்தார்.

"சரிண்ணே, கனவாரோவுக்கு என்ன சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். 2006இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன், 1990 அரையிறுதியில் நேப்பிள்ஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்ட பையன்களில் ஒருவர். நபோலி பயிற்சியில் மரடோனாவின் காலிலிருந்து பந்தைப் பறித்துப் பழகியவர். வெளியாள் வராமல் இருந்திருந்தால் அவர் யாரிடம் பழகியிருப்பார்?

அண்ணன் கொஞ்ச நேரம் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். "அவன் ஸ்ட்ரைக்கர் இல்லையே, டிஃபெண்டர்தானே? நாம பேசுறது கோல் அடிக்கிறவனைப் பத்தி" என்றார். அது அடுத்த வாதம். அதற்குள் வெளியூர்ப் பதிப்புக்குப் பக்கம் கேட்டு போன் வந்துவிட்டது.