அப்பாவின் சாம்பல் கீரிமலைக்குப் போன வழி

"என்னைக் கீரிமலையில கரைச்சுவிடு தம்பி" என்று அப்பா ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் சொன்னார். யாழ்ப்பாணத்து வடகரையில், எங்கள் ஆட்கள் சாம்பல் கரைக்கும் தீர்த்தக்கரை அது. ஜேர்மனிக்கு வந்து முப்பத்தைந்து வருடமான மனிதர். சரியப்பா என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் பொதுவாகச் சாம்பலை வீட்டாரின் கையில் தரமாட்டார்கள் என்பது அவர் கண்ணை மூடிய அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது.

1934இல் வந்த தகனச் சட்டத்தின் வழியில் நிற்கிற விதி இது: சாம்பல் போகவேண்டிய இடம் மயானம். எங்கள் மாநிலமான நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலியாவில் பத்து நாளுக்குள் தகனம் முடியவேண்டும், ஆறு கிழமைக்குள் சாம்பலை அடக்கம் செய்யவேண்டும். முதலில் போன மரணச்சேவைக்காரர் "வாய்ப்பே இல்லை" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். பிறகு, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வருடாவருடம் எங்களோடு வடம் பிடிக்கும் ஒரு அண்ணாதான் வழி சொன்னார். உடலை எல்லை தாண்டி நெதர்லாந்துக்குக் கொண்டுபோய் எரித்தால், அந்த நாட்டுச் சட்டப்படி சாம்பல் குடும்பத்தின் கைக்கு வரும். ஆனால் இதை முதல் நாளே முடிவெடுக்கவேண்டும். இங்கே எரித்துவிட்டால் பிறகு கதவு மிக ஒடுக்கம்.

உடல் எல்லை தாண்ட, இறந்தவரின் உடலுக்கென்றே தரும் ஒரு கடவுச்சீட்டு வேண்டும், மரணப் பதிவும் வேண்டும். பதிவு அலுவலகத்தில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் கலியாணச் சான்றிதழையும் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எடுத்த அந்தத் தாள்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு இல்லாமல் நகரவே முடியாது. அம்மா 1990களில் அகதி வழக்குக்குச் செய்வித்த பிரதிகளை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கவனமாக வைத்திருந்தா. அந்த டின் இல்லையென்றால் அந்தக் கிழமை எங்களுக்கு என்ன நடந்திருக்குமோ. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள்.

கிரியையை இரண்டாகப் பிரித்தோம். குளிப்பாட்டுவது, சுண்ணம் இடிப்பது, வாய்க்கரிசி எல்லாம் இங்கே, நாங்கள் பிறகு பிடித்த மரணச்சேவைக்காரரின் மண்டபத்தில். கொள்ளி அங்கே. அந்தச் சேவைக்காரருக்கு, மண்டபத்தில் என்ன என்ன நடக்கும் என்று வரிசையாக ஜேர்மன் மொழியில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்: பெட்டி மூடாமல் இருக்கவேண்டும், தண்ணீர் வேண்டும், உரலும் உலக்கையும் வரும், புகை வரும். அவர் நின்று வாசித்துவிட்டு, புகை எச்சரிக்கையை நிறுத்தி வைக்கிறேன் என்றார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க மட்டும் நெருப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை, மெழுகுதிரி பிடித்தார்கள். திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடப் பாட அம்மா உலக்கையைப் போட்டா. ஜேர்மன் மண்டபமொன்றின் ஓட்டுத் தரையில் அந்தச் சத்தம் எழும்பியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் நெதர்லாந்தில், மயானத்து வாசலில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்து உடைத்தேன். உள்ளே, கொள்ளி வைக்க வேண்டிய கையால் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஐயர் என் விரலைப் பிடித்து, "மனசில கொள்ளியை நினை" என்றார். அழுத்தினேன்.

காடாத்துக்கு, அதாவது தகனத்தின் பின் சாம்பலைச் சேர்க்கும் கிரியைக்கு, எலும்பு பொறுக்க வழியில்லை. எரித்தபின் எல்லாவற்றையும் அரைத்துத் தூளாகத்தான் தருகிறார்கள், அதையும் ஒரு மாதம் வைத்திருந்துதான் தருகிறார்கள். அப்பா போய் ஆறாம் நாள்தான் தகனம் நடந்தது. அதனால் முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குச் சாம்பல் கைக்கு வராது. நான் இதற்காக இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. ஐயர் சொன்னார்: "கிரியையை அந்த நாளில செய்வம். சாம்பல் வரேக்க கரையுங்கோ." ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு ஐயர் சொன்னதுதான் சரியென்று பட்டது, இன்றைக்கும் படுகிறது.

விமானத்துக்கு மரப்பெட்டியைத் தெரிந்தெடுத்தோம். உலோகம் என்றால் ஸ்கானர் ஊடுருவாது. தகனச் சான்றிதழ், பல மொழியில் எடுத்த மரணச் சான்றிதழ் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, விமானக் கம்பனிக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கைப்பையில் மடியோடு கொண்டுபோனேன்.

2025இல் ரைன்லாந்து-பல்ஸ் மாநிலம் தன் சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறது. அங்கே கடைசியாக வசித்தவர்களின் சாம்பலை வீட்டில் வைத்திருக்கலாம், ரைன், மோசல் ஆறுகளிலும் விடலாம். எங்கள் மாநிலத்திலும் இது வரவேண்டும். கோயில் சபைகள் திருவிழாக் கூட்டங்களில் பேசுகிற அளவுக்கு இதையும் அரசியல்வாதிகளிடம் பேசவேண்டும் என்பது என் கெஞ்சல். எங்களில் முதலில் வந்த தலைமுறை இப்போதுதான் போகத் தொடங்கியிருக்கிறது.

கீரிமலையில் கடலுக்குள் இடுப்பளவு இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது, தூளுக்குள் ஒரு சின்ன வட்டக் கல் தட்டுப்பட்டது. இலக்கம் பொறித்த கல். ஆள் மாறாமல் இருக்க உடலோடு சேர்த்து எரிப்பது. அங்கிருந்த ஐயா அதென்ன தம்பி என்று கேட்டார், சொன்னேன். "அதையும் விடு, அவரோட வந்ததுதானே" என்றார். அதையும் விட்டேன்.