வளைவில் காலைத் தூக்காதீர்கள்

ஸ்விஃப்டோ ஐ20யோ ஐந்தாறு வருடம் ஓட்டிப் பழகியவர், ஒரு வளைவுக்குள் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் நுழைந்துவிட்டால் என்ன செய்வார்? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். கார் அடங்கிவிடும். முன்சக்கரம் இழுக்கும் கார், எடையும் முன்னால்தான். காலை எடுத்ததும் முன் டயர்கள்மேல் பாரம் ஏறி, மூக்கு வளைவுக்குள் திரும்பிக்கொள்ளும். நாலு முறை இப்படித் தப்பித்தால் உடம்பு அதை மனப்பாடம் செய்துவிடும். அதே ஆள் அதே பழக்கத்தோடு பழைய போர்ஷே 911 டர்போவில் உட்கார்ந்து, அதே மாதிரி வளைவில் சட்டென்று காலை எடுத்தால், காரின் பின்பக்கம் முன்னால் வந்துவிடும்.

சூப்பர்கார் விபத்து என்றாலே குதிரைசக்தியையும் பணக்காரப் பையன்களின் திமிரையும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். திமிர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிதானமானவர்களும் இந்தக் கார்களில் மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரணக் காரில் பல வருடம் காப்பாற்றிய நல்ல பழக்கங்களே இங்கே ஆளைக் கவிழ்ப்பதுதான் காரணம்.

930 என்ற எண்ணால் அழைக்கப்படும் முதல் 911 டர்போவை 1974 பாரிஸ் மோட்டார் ஷோவில் போர்ஷே காட்டியது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஒரே ஒரு டர்போ, 260 குதிரைசக்தி, நான்கே கியர். 1978 மாடலில் இன்ஜின் 3.3 லிட்டராகி, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சேர்ந்து, 300 குதிரைசக்தி ஆனது. இன்றைய கணக்கில் இது பெரிய எண்ணே இல்லை. ஆனாலும் இதற்கு ‘விடோமேக்கர்’, அதாவது மனைவியை விதவையாக்கும் கார், என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காரணம் இரண்டு: இன்ஜின் இருக்கும் இடம், டர்போ விழித்துக்கொள்ளும் நேரம்.

முதலில் இடம். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. காரின் எடையில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பின்சக்கரங்கள்மேல். ஒரு சுத்தியலைக் கைப்பிடி முன்னால் போகும்படி எறிந்து பாருங்கள், கனமான தலை முந்திக்கொண்டு வரத் துடிக்கும். நேர்ச்சாலையில் பின் டயர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். வளைவின் நடுவில் காலை எடுத்தால் ஒரே நொடியில் இரண்டு காரியம் நடக்கிறது. பாரம் பின்னிருந்து முன்னே நகர்கிறது. இன்ஜின் பிரேக்கிங், அதாவது காலை எடுத்ததும் இன்ஜினே காரை இழுத்துப் பிடிப்பது, முழுவதும் பின்சக்கரங்களில் மட்டும் விழுகிறது. பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்த டயருக்குப் பாரமும் குறைந்து, புதுவேலையும் சேர்ந்தால், அது விட்டுவிடும். பயந்துபோய் பிரேக்கையும் மிதித்தால் கேட்கவே வேண்டாம். இதை ‘லிஃப்ட்-ஆஃப் ஓவர்ஸ்டீயர்’ என்பார்கள்.

அடுத்தது டர்போ. 3,000 ஆர்.பி.எம்.மில் இந்த இன்ஜின் சாதுவாக இருக்கும். புகைபோக்கி வாயு டர்பைனைச் சுழற்றி, அழுத்தம் 0.8 பார் வரை ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். புதியவர் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதிக்கிறார். முள் 4,000-ஐ நெருங்கும்போது மொத்த இழுவையும் ஒரே அடியாக வந்து சேரும். அப்போது ஸ்டீயரிங் இன்னும் திரும்பியே இருக்கும். பின்சக்கரம் சுழலும், கார் வழுக்கும், அவர் மிரண்டு காலை எடுப்பார். இரண்டு தப்பும் ஒரே வளைவில் நடந்து முடிந்துவிடும்.

930-ஐ அறிந்தவர்கள் ஓட்டும் வரிசை இது. பிரேக் முழுவதையும் நேர்ச்சாலையிலேயே முடித்துக்கொள்வார்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பும் முன்பே. கியரையும் அங்கேயே இறக்கி, இன்ஜின் 4,000-ஐ ஒட்டிச் சுற்றும்படி வைத்துக்கொண்டால் டர்போ திடீரென்று வந்து அறையாது. வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டர் மெலிதாக, ஒரே அளவில் நிற்கும். பின் டயர்கள் அழுந்தியிருப்பதற்கு அது போதும். ஸ்டீயரிங் நேராகத் திரும்பத் தொடங்கிய பிறகுதான் மிதிப்பார்கள். வேகம் கூடிப்போய்விட்டது என்று பாதியில் தெரிந்தால்கூட காலை வெடுக்கென்று எடுக்க மாட்டார்கள். கால் விரலைத் தளர்த்துவதுபோல மெதுவாகக் குறைத்து, பார்வையை வெளியேறும் இடத்தில் வைப்பார்கள்.

பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால், வழுக்கும் திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேரைக் கவிழ்ப்பது அதற்கு அடுத்த நொடிதான். டயர் மறுபடி பிடிக்கும்போது ஸ்டீயரிங் உடனே நேராகியிருக்க வேண்டும். தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் இன்னும் பலமாக வீசப்படும். விபத்து வீடியோக்களில் முதல் ஆட்டத்தில் தப்பித்த கார் இரண்டாவது ஆட்டத்தில் சுவரில் மோதுவதைக் கவனித்துப் பாருங்கள்.

இன்ஜின் நடுவில் இருக்கும் கார்களுக்குக் குணம் வேறு. எடை மையத்தில் குவிந்திருப்பதால் விருப்பமாய்த் திரும்பும். சுழல ஆரம்பித்தாலும் அதே விருப்பத்தோடு சுழலும். எச்சரிக்கை கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இதில் அதிகம் பேசப்படுவது போர்ஷே கரேரா ஜிடி. லெ மான் பந்தயத்துக்காகத் தொடங்கிக் கைவிட்ட திட்டத்திலிருந்து வந்த 5.7 லிட்டர் வி10 இன்ஜின், 612 குதிரைசக்தி, 1,380 கிலோ. மொத்தம் 1,270 கார்கள்தான் செய்தார்கள். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உண்டு, சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் உண்டு. கார் பக்கவாட்டில் சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்தைப் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது.

இந்தக் காரை நகர்த்துவதே ஒரு பாடம். கிளட்ச் தட்டின் விட்டம் 169 மில்லிமீட்டர்தான். விரித்த கையின் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். இன்ஜினோடு சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலும் லேசானது, அதனால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் முள் பறக்கும், விட்டால் அதே வேகத்தில் விழும். டிரைவிங் ஸ்கூலில் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது, கிளட்ச்சை விடும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடு என்பது. இங்கே அப்படிச் செய்தால் கார் குதித்து அணைந்துபோகும், அல்லது கிளட்ச் கருகும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெல்ல விட வேண்டும். இன்ஜினின் கணினி தேவையான அளவைத் தானே கொடுக்கும். கார் உருளத் தொடங்கி, கிளட்ச்சிலிருந்து கால் முழுவதும் வந்த பிறகுதான் வலது காலுக்கு வேலை.

2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் நடிகர் பால் வாக்கர் இறந்தது இந்தக் காரில்தான். ஓட்டியவர் அவருடைய நண்பர், பந்தய அனுபவம் உள்ளவர், அவரும் இறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் துறையின் விசாரணை மணிக்கு 45 மைல் எல்லையுள்ள சாலையில் வேகம் 80 முதல் 93 மைல் இருந்தது என்றது, அதாவது 129 முதல் 150 கிலோமீட்டர். அந்த அறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: டயர்களுக்கு வயது ஒன்பது.

அந்த வரியை ஒவ்வொரு சூப்பர்கார் பிரியரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். சாதாரணக் காரில் டயர் தேய்ந்து முடியும், அதனால் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காரில் டயர் தேயாது, கெட்டிப்படும். கண்ணுக்குப் புத்தம்புதிதாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் இளகாது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்கூட இருக்கலாம், உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். நான்கு டயரையும் பார்க்க வேண்டும், இரண்டு மட்டும் மாற்றியிருப்பார்கள். இந்த வகைக் காருக்கு ஐந்தாறு வருடம் தாண்டிய டயர் என்றால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டியதுதான்.

புது டயராக இருந்தாலும் குளிர்ந்திருக்கும்போது அது பாதி டயர்தான். பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்த டயர்கள் சூடேறிய பிறகே பிடிக்கும். பள்ளங்கள் குறைவு என்பதால் தேங்கிய மழைநீரில் சீக்கிரம் மிதக்கும். கிளம்பி முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நிதானமாக ஓட்ட வேண்டும். கார் பிரியர்கள் கூடும் சந்திப்புகளிலிருந்து கிளம்பும்போது எத்தனை கார்கள் வாசலிலேயே கூட்டத்தை நோக்கிச் சறுக்குகின்றன! இரண்டு மணி நேரம் நின்று ஆறிய டயர். கேமராக்களைப் பார்த்ததும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கும் கை. சாலையின் நடு மேட்டிலும் வெள்ளைக் கோட்டிலும் ஏறும் பின்சக்கரம். ஸ்டீயரிங் இன்னும் நேராகவில்லை, வலது கால் தரையோடு தரை. இரண்டாவது கியர் விழும் அதிர்ச்சியில் பின்பக்கம் விலகும். அப்புறம் அதே கதைதான், காலை எடுப்பார்.

ஃபெராரியில் ஸ்டீயரிங்கிலேயே இருக்கும் மானெட்டினோ திருகியில் ஈரச்சாலைக்கான நிலை ஒன்று உண்டு. முதல் நாள் காய்ந்த சாலையிலும் அதிலேயே ஓட்டுவதில் எந்த வெட்கமும் இல்லை. ஆனால் எஃப்40 மாதிரிப் பழைய கார்களில் இந்தப் பேச்சே எழாது: ஏ.பி.எஸ். இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, பிரேக்கில் காலின் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் சர்வோ உதவியும் இல்லை. பலமாக மிதித்தால்தான் நிற்கும்; அதிகம் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கார்பன்-செராமிக் பிரேக்கும் ஆறியிருக்கும்போது முதல் மிதியில் மந்தமாக இருக்கும், கழுவிய பிறகு இன்னும் மோசம். தெருவை விட்டு வெளியே வரும் முன் நாலைந்து முறை மெதுவாக மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது ரிம் டிஸ்க்கின் ஓரத்தில் இடித்தால் விளிம்பு சிதறும், டிஸ்க்கையே மாற்ற வேண்டிவரும். அதற்கென்று திருகு துளையில் மாட்டும் வழிகாட்டிக் கம்பிகள் உண்டு; அது இல்லாத கடையில் சக்கரத்தைத் தொட விடாதீர்கள்.

ஆயில் பார்க்கும் பழக்கமும் தலைகீழ். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது குச்சியை இழுத்துப் பார்ப்பது நம் வழக்கம். டிரை சம்ப் உள்ள பெரும்பாலான கார்களில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில் ஐடிலில் ஓடும்போதுதான் அளவு சரியாகத் தெரியும். ஆறிய இன்ஜினில் பார்த்துக் குறைவு என்று ஊற்றி, கூடிப்போன ஆயில் காற்று உறிஞ்சும் குழாய்க்குள் ஏறி நீலப்புகை கக்குவது அடிக்கடி நடக்கும் தப்பு.

பழைய லம்போர்கினி கல்லார்டோ, ஃபெராரி எஃப்430 போன்றவை பலவற்றில் கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் அது ஆட்டோமேட்டிக் அல்ல. உள்ளே இருப்பது சாதாரணக் கிளட்ச், அதை மிதிப்பது ஒரு ஹைட்ராலிக் பம்ப். ஆட்டோமேட்டிக் கார்போல நெரிசலில் இஞ்ச் இஞ்ச்சாக ஊர்ந்தாலும், சரிவில் ரிவர்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாலும் கிளட்ச் அரைபட்டுக்கொண்டே இருக்கும். கருகல் வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். நெரிசலில் நியூட்ரலுக்குப் போய் நில்லுங்கள், முன்னால் ஒரு கார் நீள இடம் கிடைத்ததும் ஒரே மூச்சில் நகருங்கள். ஓட்டல் வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இதை அந்தப் பையனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவன்மேல் தப்பில்லை, அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

காலின் பழக்கத்தை மாற்றுவதற்குச் சாலை இடமில்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ தடம் கிடைக்கும் நாளில், முதலில் சக்தி குறைந்த பின்சக்கர இழுவைக் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும். அகலமான இடத்தில் தரையை நனைத்து, கூம்புகள் வைத்து, 30 மீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். இரண்டாவது கியரில், 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகச் சுற்றுங்கள். பிறகு வேண்டுமென்றே சட்டென்று காலை எடுங்கள். பின்பக்கம் விலகும் அந்த நொடியில் இடுப்புக்குக் கீழே இருக்கை நழுவுவதுபோல ஓர் உணர்வு வரும்; கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இடுப்புக்குத் தெரியும். அடுத்த சுற்றில் அதே இடத்தில் காலை மெதுவாகக் குறைத்துப் பாருங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி, இடம் வலம் இரண்டு பக்கமும், தரை உலரத் தொடங்கினால் மறுபடி நனைத்து, கால் தானாகவே மெதுவாகும்வரை சுற்றுங்கள்.