எங்க ஊர் ஸ்கூல தொறந்தது யாரு?

எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் "இஸ்கோலா? அது காமராசரு தொறந்தது"ன்னு தான் சொல்லுவாங்க. குடியாத்தத்த சுத்தி இருக்குற ஊருக்கெல்லாம் இந்தப் பெருமை உண்டு, ஏன்னா 1954ல முதலமைச்சர் ஆனப்ப அவர் எம்எல்ஏவா இல்ல, அப்புறம் குடியாத்தம் இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சாரு. 1957ல சாத்தூருக்குப் போயிட்டாரு, ஆனா எங்காளுங்க அவர விடல, கிணறு, பாலம், ஸ்கூலு எதுன்னாலும் அவர் கணக்குல தான் எழுதுவாங்க.

போன மாசம் ஊருக்குப் போனேன், பழைய ஓட்டுக் கட்டடத்த இடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டு தான் போனது. 2021 டிசம்பர்ல நெல்லைல ஒரு ஸ்கூல்ல சுவர் இடிஞ்சு 3 பசங்க செத்துப்போனதுல இருந்து பழைய கட்டடத்தையெல்லாம் கணக்கெடுத்து இடிச்சிட்டு தான வராங்க, எங்களுது இவ்ளோ நாள் தப்பிச்சதே பெருசு. ஹெச்எம் நல்ல மாதிரி. "பீரோல பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கு சார், கரையான் தின்னது போக மிச்சம் பாக்குறீங்களா"ன்னாங்க.

அட்டையில ஜில்லா போர்டு சீல், பஞ்சாயத்து யூனியனுக்கு முன்னாடி ஊர் ஸ்கூல நடத்துனது அது தான். இப்ப இருக்குற பஞ்சாயத்து யூனியனே 1958 சட்டத்துக்கு அப்புறம் வந்தது தான, அதனால ஸ்கூலு அதுக்கும் முன்னாடின்னு புரிஞ்சுபோச்சு. மொத பக்கத்துல இருக்குறவங்க எல்லாம் சுதந்திரத்துக்கு முன்னாடியே சேந்தவங்க. அப்பன் தொழில்னு போட்ட இடத்துல வரிசையா நெசவு, நெசவு, கூலி, நெசவு. இன்னொரு கூத்து, எங்க நைனா கூட சேந்தவங்க பாதிப்பேருக்குப் பொறந்த நாள் ஒரே ஜூன் மாசத் தேதி! வலது கைய தல மேல போட்டு இடது காத தொட்டா அஞ்சு வயசு, அவ்ளோ தான், தேதி வாத்தியார் கைக்கு வந்தது. அந்தத் தேதிய வச்சு தான் எல்லாரும் வேலைக்குப் போயி ரிட்டயர்டும் ஆனாங்க.

சின்ன தாத்தா பேரும் இருந்துச்சு. அவர் படிச்சப்ப தான் 1953ல ராஜாஜியோட குலக்கல்வி, அரை நாள் ஸ்கூலு, மீதி நேரம் அப்பன் தொழில் கத்துக்கணும். எங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் தறிக்குழி பக்கத்துல உக்காந்து நெசவுக்கு நூல் தார் சுத்தறது, அவ்ளோ தான். அடுத்த வருஷமே காமராஜர் வந்து அத எடுத்துட்டாரு, 1956ல மதிய சோறும் போட்டாரு. நைனா காலத்துல பால் பவுடர், கோதுமை உப்புமா. அந்தப் பால் வாசனை இன்னிக்கும் ஆவாதாம் அவருக்கு.

நான் எம்ஜிஆர் சத்துணவு பேட்ச். மணி அடிக்கறதுக்கு முன்னாடியே அலுமினியத் தட்ட சட்டைக்குள்ள சொருகிட்டு உக்காந்திருப்போம். நான் நாலாவது படிக்கறப்ப, 1989ல, ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்ட குடுக்க ஆரம்பிச்சாங்க, அன்னிக்கு மட்டும் ஒருத்தனும் லீவு போட மாட்டான். அதே வருஷம் வட ஆற்காடு ஜில்லாவையும் பிரிச்சு எங்க பக்கத்துக்கு அம்பேத்கர் பேர் வச்சாங்க. கேட்டு மேல இருக்குற தகரப் போர்ட கிட்டப் போய் பாத்தேன், வேலூர் மாவட்டம்ங்கற பெயிண்ட் உரிஞ்ச எடத்துல அம்பேத்கர்ங்கறதுல "பேத்" தெரியுது, அதுக்கும் அடியில வேற நெறத்துல "வட ஆற்" மட்டும். ஒரே தகரம், மூணு ஜில்லா. கட்டடம் போனாலும் அத எடைக்குப் போட்டுடாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், பாப்போம்.

அத்தை பேரும் கண்ணுல பட்டுச்சு. நாலாவதோட நின்னுட்டாங்க, காரணம்னு இருக்குற எடத்துல "வீட்டு வேலை". போட்டோ எடுத்தேன், அவங்களுக்கு அனுப்பல.

சாயங்காலம் திண்ணையில சின்ன தாத்தாகிட்ட போன்ல எல்லாத்தையும் காட்டுனேன். பாருங்க தாத்தா ஜில்லா போர்டு சீலு, காமராஜர் வரதுக்கு முன்னாடியே ஸ்கூலு இருந்திருக்கு, நீங்களே அதுக்கு முன்னாடி தான சேந்தீங்கன்னேன். கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"சீலு எவன் வேணா குத்துவான்டா. தொறந்தது காமராசரு தான்."