வெள்ளிக் காசில் பால்புள்ளி: புளியைத் தொடாதீங்க

நம்ம ஊர்ப்பக்கம் வெள்ளி மங்கினா கை தானாகப் புளிக்கும் திருநீற்றுக்கும் போகும். குத்துவிளக்குக்கு அது போதும். சேகரிப்புக் காசில் அதைச் செய்தால் பளபளப்போடு விலையும் போயிடும்.

கறுப்பு, மஞ்சள், நீலம் என்று படிந்திருந்தால் அது கந்தகம் பட்டு வெள்ளி கறுத்தது. பச்சையாகப் பிசுபிசுத்தால் பிவிசி உறையின் வேலை. பால்புள்ளி என்பது பால் தெறித்துக் காய்ந்த மாதிரி வெள்ளையாக, ஓரம் கலங்கி நிற்கும். 999, 9999 (99.9, 99.99 சதவீதம்) சுத்த வெள்ளியில்தான் அதிகம். கனடாவின் மேப்பிள் லீஃப் வெள்ளிக் காசு இதற்குப் பேர்போனது. அமெரிக்க ஈகிள், பிரிட்டனின் பிரிட்டானியா, ஆஸ்திரியாவின் வியன்னா ஃபில்ஹார்மோனிக் காசுகளும் தப்பவில்லை.

காரணம் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது இது: அச்சடிக்கும் முன் வெள்ளி வில்லைகளைக் கழுவிய சோப்பு, ரசாயனம் சரியாக அலசப்படாமல் மிஞ்சும், உலையில் பதப்படுத்தும்போது அது பரப்போடு சுட்டு ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது சுத்தமாக இருந்து, காப்சூலுக்குள்ளேயே (காசு வைக்கும் பிளாஸ்டிக் கூடு) மாதங்கள் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. கனடா நாணயச்சாலை 2018-ல் மின்ட்‌ஷீல்டு என்ற முறையைக் கொண்டுவந்தது இதைக் குறைக்கத்தான். அதனால் மேப்பிள் வாங்கினால் 2018-ம் அதற்கு அப்புறமும் போட்ட வருஷத்தைப் பாருங்க.

புள்ளி உண்மையில் பால்புள்ளிதானா என்று அசிட்டோனில் பார்க்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசின் விளிம்பை மட்டும் பிடித்து இரண்டு நிமிஷம் போடுங்க. இன்னொரு கிண்ணத்தில் புது அசிட்டோனில் முக்கி எடுத்துத் தானாக உலரவிடுங்க. துடைக்கக் கூடாது. அடுப்பும் பூஜை விளக்கும் எரியாத, ஜன்னல் திறந்த அறையாக இருக்கட்டும். புள்ளி போயிட்டா அது எண்ணெய்ப்பிசுக்கு. போகாவிட்டால் பால்புள்ளி. தண்ணீரில் அலச வேண்டி வந்தால் போர் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம், உப்பும் குளோரினும் புதுப் புள்ளி வைக்கும். டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் கறுப்பைத் திருப்பி வெள்ளியாக்கும், பால்புள்ளியை அசைக்காது. கடையில் விற்கும், வெள்ளியை முக்கி எடுக்கும் சில்வர் டிப் திரவமும் பெரும்பாலும் அப்படித்தான், கூடவே மேற்பரப்பையும் கொஞ்சம் அரிக்கும். அம்மோனியா யோசனையை விட்டுடுங்க. வெள்ளி கரைந்த அம்மோனியாக் கரைசலை வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகலாம்.

மிச்சம் இருப்பது பென்சில் அழிக்கும் மென்மையான வெள்ளை ரப்பர். எடைக்கு வாங்கிய காசென்றால், புள்ளியில் மட்டும், அழுத்தாமல், ஒரே திசையில் நாலைந்து இழுப்பு. பிறகு டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்க: புள்ளி இருந்த இடத்தில் மயிரிழைக் கீறல்கள் மின்னும். 2014-லிருந்து மேப்பிளின் பின்னணியில் நுணுக்கமான கதிர்கோடுகள் உண்டு, அங்கே தேய்த்தது இன்னும் பளிச்சென்று தெரியும். சேகரிப்பவர்களுக்கென்று கண்ணாடி மாதிரி பளபளக்க அச்சடித்த புரூஃப் காசிலும், விக்டோரியா காலத்து 91.7 சதவீத ரூபாயிலும் ரப்பர் படவே கூடாது.

டவுன் ரத வீதிக் கடையில் எடைக்குப் போட்டால் புள்ளியை யாரும் கேட்க மாட்டாங்க, ஒரு அவுன்ஸ் காசின் 31.1 கிராம் எப்போதும் 31.1 கிராம்தான். சேகரிப்பவர்தான் விலை குறைப்பார். கீறின காசுக்கு இன்னும் குறைப்பார்.

திருச்செந்தூர், தூத்துக்குடி உப்புக்காற்றில் இருப்பவர்கள் பிவிசி இல்லாத காப்சூலில் போட்டு, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைங்க. ரப்பர் பேண்ட் போடாதீங்க, அதில் கந்தகம் உண்டு. இது கறுப்பைத்தான் தடுக்கும். பால்புள்ளி வர்ற காசில் வந்தே தீரும்.