கடைக் கொப்பியும் கேட்கிற காதும்: போதகர் கூடுகை நாட்குறிப்பு

2024 ஒக்டோபர் 7, திங்கள், ஹட்டன்

தேயிலைத் தோட்டப் பகுதிப் போதகர்கள் சிறு வட்டமாகக் கூடி மனம்விட்டுப் பேசத் திங்கட்கிழமைதான் தோது. ஞாயிறு ஆராதனையின் அலுப்பு உடம்பில் இருக்கும், மனதில் கிடப்பதும் வாய்க்குப் பக்கத்தில் நிற்கும். மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை பஸ்கள் வந்து சேர்வது ஹட்டனில் என்பதால் இடமும் இதுவே. பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு எழும்பிவிட வேண்டும். கொழுந்தெடுத்து இறங்கி, சமைத்து, பிள்ளைகளைக் கவனித்த பிறகுதான் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வீட்டு ஜெபம் நடக்கும். போதகருடைய வேலை நேரம் அந்தி சாய்ந்த பிறகு என்பதால் அதில் கைவைக்கக் கூடாது.

நாலு பேர் போதும், மிஞ்சினால் ஐந்து. ஆறு பேரானால் ஒருவர் வாயே திறக்காமல் வீடு போய்ச் சேருவார், அன்றைக்குப் பேசியே ஆக வேண்டியிருந்தவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். எல்லோரும் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே டவுனில் ஊழியம் செய்கிற இருவரை ஒரு வட்டத்தில் போடக் கூடாது. அங்கேயிருந்து இங்கே வந்த குடும்பம் ஒன்றாவது அவர்களுக்கு நடுவில் இருக்கும், அதைத் தாண்டி இருவரும் பேசமாட்டார்கள்.

ஒக்டோபர் 17, வியாழன், போயா

வட்டத்தோடு ஒவ்வொரு இளம் போதகருக்கும் தனியாக ஒரு வழிகாட்டி வேண்டும். அவர் யாராக இருக்கலாம் என்பதே இன்றைய பேச்சு. எங்கள் முடிவில் மாற்றமில்லை: இடமாற்றம், சம்பளம், அறிக்கை மூன்றில் எதிலாவது கையெழுத்துப் போடுகிறவர் வழிகாட்டியாக இருக்க முடியாது. அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் சரி. அவர் முன்னால் இளம் போதகர், “எல்லாம் கர்த்தருடைய கிருபை ஐயா” என்று சொல்லி எழும்பிவிடுவார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை, சொல்லிவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம்தான். மேற்பார்வை வேண்டியதுதான், ஆனால் அது வேறு நாற்காலி. ஓய்வுபெற்ற குருவானவரோ பக்கத்துப் பள்ளத்தாக்கின் மூத்த பாஸ்டரோ இந்த வேலைக்குப் பொருந்துவார்.

பிலிமத்தலாவை இறையியல் கல்லூரி 1963இலிருந்து அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் ஊழியர்களைச் சேர்த்துப் படிப்பித்து வருகிறது. அங்கே பக்கத்து அறையைத் தட்டினால் ஆள் இருக்கும். படித்து முடித்து முதல் சேகரத்துக்கு, அதாவது ஊழியம் செய்யும் சபைப் பகுதிக்கு, போனதும் அந்தக் கதவு இல்லை. போய்ச் சேருமுன்பே வழிகாட்டியை ஏற்பாடு செய்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தேடினால், அதற்குள் அவர் தனியாகச் சமாளிக்கப் பழகியிருப்பார்.

வழிகாட்டியும் போதகரும் மாதம் ஒருமுறை நேரில் 90 நிமிடம், நடுவில் 20 நிமிடம் போனில். ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம். மூன்றாம் மாதம், “நமக்குச் சரிவருகிறதா?” என்று இருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். சரிவராவிட்டால் வெட்கமில்லாமல் விலக அது வழிவிடும். தூக்கம் எப்படி, வீட்டில் எப்படி, பிரசங்கத்துக்காக அல்லாமல் கடைசியாக வேதத்தைத் திறந்தது எப்போது என்று கேட்கலாம். கடனைப் பற்றிக் கேட்பதுதான் கஷ்டம். தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம் வந்த பிறகுதான் காணிக்கைப் பையில் கனம் தெரியும். அதற்கு முந்திய கிழமை போதகர் வீட்டுக் கடைக் கொப்பியில், அதாவது கடன் கணக்குப் புத்தகத்தில், அரிசி, சீனி, மாவு, பால்மா என்று வரிவரியாக ஏறியிருக்கும். ஆகவே 10ஆம் திகதிக்கு முன்னால் சந்தித்து, “கொப்பியில் எவ்வளவு நிற்குது?” என்று நேராகக் கேட்பதே நல்லது. ஆனால் வழிகாட்டி கடன் கொடுக்கக் கூடாது. கொடுத்த மாதத்தோடு பேச்சு சுருங்கிவிடும்.

ஒக்டோபர் 21, திங்கள்

வட்டம் கூடும்போது ஒருவருக்கு 25 நிமிடம். 10 நிமிடம் அவர் மட்டும் பேசுவார். அடுத்த 10 நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். கடைசி 5 நிமிடத்தில், தனக்கு என்ன தெளிந்தது என்று அவரே சொல்ல, ஒருவர் ஜெபிப்பார். நாலு பேருக்கு 100 நிமிடம். சங்கீதமும் அமைதியுமாகத் தொடக்கத்துக்கு 15, சாயத்தண்ணிக்கு (பால் இல்லாத தேநீருக்கு) 15, முடிக்க 20.

கெட்டுப்போவது இரண்டாவது பத்து நிமிடத்தில்தான். போதகர்கள் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் அல்ல, பதில் சொல்லிப் பழகியவர்கள். மலையகத்தில் வழக்கமாக வரும் சிக்கல் ஒன்று: பாதிப் பேர் கோயிலுக்கும் பாதிப் பேர் சபைக்கும் போகிற வீட்டில் சாவு விழுகிறது. தப்பு மேளம் அடிக்கலாமா, யார் முறைப்படி அடக்கம்? இதை ஒருவர் சொல்லி வாய் மூடுமுன், “நான் என்றால்...” என்று இன்னொருவர் தொடங்கிவிடுவார். அங்கே நிறுத்தி, கேள்விக்குத் திருப்ப வேண்டும்: “செத்தவர் உயிரோடிருக்கும்போது என்ன கேட்டார்?”, “மூத்த மகனிடம் முதலில் பேசினீங்களா?”, “இதில் உங்களுக்கு எதைப் பற்றிப் பயம்?” மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில்தான் பெரும்பாலும் அவர் சொல்ல வந்த விஷயம்.

அவசர ஜெபமும் ஒரு மூடிதான். கண்ணீர் வந்தவுடனே “ஜெபிப்போம்” என்றால், மீதிக் கதை உள்ளேயே நின்றுவிடும். 1 இராஜாக்கள் 19இல், சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு தரம். அதன் பிறகுதான் “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி. அந்தக் கேள்வியும் இரண்டு தரம் வருகிறது.

நவம்பர் 4, திங்கள்

இரகசியம் கசிவது பகையால் அல்ல, ஜெபக் குறிப்பால். “பெயர் சொல்லல, ஒரு ஊழியருக்காக ஜெபிங்க” என்று வட்ஸ்அப்பில் போட்டால், அடுத்த ஞாயிறுக்குள் அந்த ஊழியர் யாரென்று நாலு தோட்டத்துக்குத் தெரிந்துவிடும். வட்ஸ்அப் குழு நாள், நேரம் சொல்ல மட்டும். போன்கள் எல்லாம் வாசலுக்குப் பக்கத்து மேசையில். வீட்டம்மாவிடமும் மற்றவர் கதை போகக் கூடாது.

மறைக்கக் கூடாதவை இரண்டு, அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு என்று தெரிந்தால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அறிவிக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் அன்று அவரைத் தனியே பஸ் ஏற்றக் கூடாது. ஒருவர் கூடவே இருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்குப் பேச வைக்க வேண்டும். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று பேசுகிறவரை வட்டத்தில் வைத்திருக்க முடியாது. இதில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பில்லை.

நவம்பர் 11, திங்கள்

போதகரம்மாமாருக்கு, அதாவது போதகர்களின் மனைவிமாருக்கு, தனி வட்டம் வேண்டும். கணவர் வட்டத்தின் சமையல் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. பணிஸும் தேத்தண்ணியும் கடையில் வாங்கலாம்.

நவம்பர் 25, திங்கள்

டிசம்பரில் வட்டங்கள் உடைகின்றன. தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) கரோல், பிள்ளைகள் விழா, 31ஆம் திகதி இரவு ஆராதனை என்று வரிசையாக வரும், “ஜனவரியில் பார்ப்போம்” என்ற சொல்லும் கூடவே வரும். முழுக் கூடுகையை நிறுத்தினால் பரவாயில்லை. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, கிழமைக்கு ஒரு போன், செவ்வாய் காலை ஏழு மணிக்கு, பத்து நிமிடம். கேட்க வேண்டியது: நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தீங்க, பிள்ளைகளோடு எப்ப சாப்பிட்டீங்க? இரண்டு கிழமை தொடர்ந்து போனை எடுக்காதவர் வீட்டுக்கு மற்றவர் நேரே போக வேண்டும்.

ஜனவரிக் கூடுகை 13ஆம் திகதி, பத்து மணி. எல்லோருடைய டயரியிலும் இன்றே எழுதியாயிற்று.