17 சேக்கல் நிலம்

நான் இருபது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். வில்லங்கம் உள்ள சொத்தைத் தொடாதீர்கள் என்று தினமும் யாருக்காவது சொல்வேன். அதனாலேயே பைபிளில் எரேமியா 32-ஆம் அதிகாரம் வந்தால் நின்றுவிடுவேன்.

பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக தீர்க்கதரிசி எரேமியா காவலில் இருக்கிறார். அப்போது அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். அவன் வருவான் என்று கர்த்தர் முன்பே சொல்லியிருந்தார். எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் (அந்தக் கால எடை அளவு) வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். கையெழுத்து, முத்திரை, சாட்சிகள் எல்லாம் உண்டு. முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் கெடாதபடி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்ற கர்த்தருடைய வாக்கு மட்டும்தான் அவர் கையில் இருந்தது. எவ்வளவு பெரிய மனசு!

அப்புறம்தான் ஜெபிக்கிறார். நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகும்போது நிலம் வாங்கச் சொன்னீரே என்று அங்கேதான் கேட்கிறார்.

நான் தலைகீழாகச் செய்தேன். தங்கைக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடு என்று கர்த்தர் உணர்த்தியும், மூன்று வருடம் ஜெபித்துக்கொண்டே தள்ளிப்போட்டேன். பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்ற பயம். போன மாதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கியது. தங்கை பத்திரத்தை வாங்கி, படிக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள்.